“நல்ல தொழில்தான், ஆனால் எங்களுக்குப் பொருந்தாது”: துணிகர முதலீடு பற்றிய வாசகர் கேள்விகள்

புதிய நிறுவனங்களில் பங்கு வாங்கி முதலீடு செய்யும் வெஞ்சர் கேப்பிடல் நிறுவனங்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன: முதலீட்டாளர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பது விளங்கவில்லை என்பதே அது. அவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனம் ஆண்டுக்கு ₹9 கோடி விற்பனை செய்கிறது. கடன் இல்லை, லாபம் வருகிறது, ஆண்டுதோறும் 25 சதவீதம் வளர்கிறோம். இரண்டு முதலீட்டு நிறுவனங்களை அணுகினோம். இரண்டுமே “நல்ல தொழில்தான், ஆனால் எங்களுக்குப் பொருந்தாது” என்று சொல்லிவிட்டன. எங்களிடம் என்ன குறை? (கோவை வாசகர்)

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. அவர்கள் போட்ட கணக்கு உங்கள் நிறுவனத்தைப் பற்றியதே அல்ல, அவர்களுடைய ஃபண்டை, அதாவது பிறரிடம் திரட்டி முதலீடு செய்யும் பணத் தொகுப்பைப் பற்றியது. அந்தக் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

₹500 கோடி திரட்டிய ஒரு ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கட்டணமாக ஆண்டுக்கு 2 சதவீதம், அதாவது ₹10 கோடி, எடுத்துக்கொள்வது வழக்கம். பிற்பட்ட ஆண்டுகளில் இந்த விகிதம் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், ஃபண்டின் ஆயுளில் ஏறக்குறைய ₹80 கோடி இதற்கே போய்விடும். எஞ்சிய ₹420 கோடியை இருபது, இருபத்தைந்து நிறுவனங்களில் போட்டு, பத்தாண்டுகளில், திரட்டிய ₹500 கோடியின் மூன்று மடங்காக, அதாவது ₹1,500 கோடியாகத் திருப்பித் தருவோம் என்று சொல்லித்தான் பணம் திரட்டியிருப்பார்கள். அந்த ₹1,500 கோடி இருபத்தைந்து நிறுவனங்களிலிருந்தும் சமமாக வருவதில்லை. பல ஃபண்டுகளில் பணம் போட்டுவரும் ஹார்ஸ்லி பிரிட்ஜ் என்ற அமெரிக்க நிறுவனம், 1985 முதல் 2014 வரையிலான 7,000-க்கும் மேற்பட்ட முதலீடுகளின் விவரத்தைத் தொகுத்துவைத்திருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய பாதி, போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. வெறும் 6 சதவீத முதலீடுகளே மொத்த வருவாயில் 60 சதவீதத்தைக் கொண்டுவந்தன.

இப்போது உங்கள் நிறுவனத்துக்கு வருவோம். 25 சதவீத வளர்ச்சி ஏழு ஆண்டுகள் தடையின்றித் தொடர்ந்தால் உங்கள் விற்பனை ஏறக்குறைய ₹43 கோடியாகும். விற்பனையைப் போல் ஐந்து மடங்கு விலை கிடைத்தால் நிறுவனத்தின் மதிப்பு ₹215 கோடி. அவர்கள் வாங்கும் 20 சதவீதப் பங்கு, இடையில் புதியவர்களுக்குப் பங்கு தரும்போதும் சற்றும் கரையாமல் அப்படியே இருந்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது ₹43 கோடி. உங்கள் குடும்பத்துக்கு அது பெருஞ்செல்வம். ₹1,500 கோடி தேடும் ஃபண்டுக்கோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. தனியொரு நிறுவனமே முழு ஃபண்டையும் திருப்பித் தரக்கூடுமா என்பதுதான் அவர்கள் ஒவ்வொரு நிறுவனத்தையும் பார்த்துக் கேட்கும் கேள்வி. அடுத்தடுத்த முதலீட்டுச் சுற்றுகளில் கரைந்து 12 சதவீதமாகிவிட்ட பங்கிலிருந்து ₹500 கோடி வர வேண்டுமென்றால், அந்த நிறுவனம் ₹4,000 கோடிக்கு மேல் விலைபோக வேண்டும். நூற்றில் ஐந்து வாய்ப்புடன் அந்த உயரத்தைத் தொடக்கூடிய, மீதித் தொண்ணூற்றைந்தில் முற்றாக மூழ்கக்கூடிய ஒரு நிறுவனம், நிச்சயமாக ₹215 கோடியாகப் போகும் உங்கள் நிறுவனத்தைவிட அவர்களுக்கு உகந்ததாகிவிடுவது இதனால்தான்.

பணத்தைவிட அரிதான இன்னொன்றும் இருக்கிறது. முதலீட்டு நிறுவனத்தின் மூத்த நிர்வாகியான ஒரு பார்ட்னர் எட்டு அல்லது பத்து நிறுவனங்களின் இயக்குநர் குழுவில்தான் ஒரே நேரத்தில் உட்கார முடியும். உங்களுக்கு ஓர் இடம் கொடுத்தால் வேறொருவருக்கு அது இல்லாமல் போகும். வங்கிக் கடன், பங்குதாரரின் பணம், வாடிக்கையாளர் தரும் முன்பணம் ஆகியவை உங்கள் தொழிலுக்கு இவர்களுடைய பணத்தைவிட நன்றாகப் பொருந்தும் என்பதே என் கருத்து.

கேள்வி: முதலீடு நஷ்டமானாலும் இவர்களுக்கு வருமானம் வருமாமே, உண்மையா? பணம் யாருடையது? (ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, திருச்சி)

உண்மைதான். பணத்தில் மிகப் பெரும்பகுதி அவர்களுடையது அல்ல. அமெரிக்காவில் ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் தருகின்றன. இந்தியாவில் செல்வந்தர் குடும்பங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் தருகின்றன; மத்திய அரசு 2016-ல் ₹10,000 கோடி ஒதுக்கீட்டுடன் அறிவித்து, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி மூலம் நடத்தும் திட்டமும் இப்படிப்பட்ட ஃபண்டுகளில் பணம் போடுகிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய ஃபண்டில் ஒரு முதலீட்டாளர் பொதுவாகக் குறைந்தது ₹1 கோடி போட வேண்டும்.

நிர்வாகிகளுக்கு வருமானம் இரு வழியில் வருகிறது. ஒன்று, நான் மேலே சொன்ன கட்டணம். மற்றொன்று, லாபத்தில் வழக்கமாக 20 சதவீதமாக இருக்கும் பங்கு. இந்த இரண்டாவதைத் தொழிலில் ‘கேரி’ என்பார்கள். ஃபண்டு சிறிதாக இருக்கும்போது கட்டணம் அலுவலகச் செலவுக்கே சரியாகிவிடும். எனவே கேரிதான் வாழ்வு. ஃபண்டு ₹5,000 கோடியாக வளர்ந்துவிட்டால், ஒரு நிறுவனம்கூட வெற்றி பெறாவிட்டாலும் ஆண்டுக்கு ₹100 கோடி வந்துவிடும். அப்போது அடுத்த ஃபண்டை இதைவிடப் பெரிதாகத் திரட்டுவதே முதல் வேலையாகிவிடுகிறது. நிர்வாகத் தரப்பும் தன் பணத்தைப் போட வேண்டும் என்று செபி விதிக்கிறது. ஆனால் அதன் அளவு, ஃபண்டின் தொகையில் 2.5 சதவீதம் அல்லது ₹5 கோடி, இவற்றில் எது குறைவோ அது. ₹5,000 கோடி ஃபண்டில் ₹5 கோடி என்பது 0.1 சதவீதம். வங்கியில் கடன் கேட்டு வருபவர் இந்த அளவு சொந்தப் பணத்தைக் காட்டியிருந்தால், தாங்கள் கையெழுத்திட்டிருப்பீர்களா?

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள காஃப்மன் அறக்கட்டளை, இருபது ஆண்டுகளில் தான் பணம் போட்ட நூறு ஃபண்டுகளின் கணக்கை 2012-ல் வெளியிட்டது. கட்டணங்கள் போக, அவற்றில் 62 ஃபண்டுகள் பங்குச் சந்தை தந்த அளவுக்கு மேல் எதையும் தரவில்லை.

கேள்வி: ஒரு முதலீட்டு நிறுவனத்தின் அசோசியேட் (இளநிலை அலுவலர்) எங்களிடம் இரண்டு மாதங்கள் உற்சாகமாகப் பேசினார், கணக்குகளை வாங்கினார், வாடிக்கையாளர்களிடமும் பேசினார். பிறகு பதிலே இல்லை. வேண்டாம் என்றால் சொல்லிவிட வேண்டியதுதானே? (சென்னை வாசகி)

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், பிடிக்கவில்லை என்று சொல்லாமல் “ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போவதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். இதுவும் அதுபோலத்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கதவு மூடிவிடும். மௌனமாக இருந்தால், ஆறு மாதம் கழித்து வேறொரு பெரிய நிறுவனம் உங்களிடம் முதலீடு செய்ய வரும்போது, “நாங்களும் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று திரும்பி வரலாம். அவர்களுக்கு இந்த மௌனத்தால் செலவு ஏதும் இல்லை; செலவெல்லாம் உங்களுடையது. வீடுகளையும் அறைகளையும் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பியைத் தொடங்கியவர்கள் 2008-ல், தங்கள் நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் மதிப்பு வைத்து, 1,50,000 டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப்பட்டார்கள். ஐந்து பேர் மறுத்து எழுதினார்கள், இரண்டு பேர் பதிலே எழுதவில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த அசோசியேட் நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் உண்மையிலேயே உற்சாகமாக இருந்திருப்பார். அவருக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு, சம்மதிக்கும் அதிகாரம் கிடையாது. நல்ல நிறுவனங்களைத் தேடிக் கொண்டுவந்து பார்ட்னர் ஒருவரிடம் சேர்ப்பதும், அந்தப் பார்ட்னர் மற்றப் பார்ட்னர்களிடம் வாதாடத் தேவையான குறிப்பை எழுதிக் கொடுப்பதுமே அவருடைய வேலை. முடிவு பார்ட்னர்கள் கூடும் கூட்டத்தில்தான் எடுக்கப்படுகிறது. பல நிறுவனங்களில் அது திங்கட்கிழமை நடக்கும்.

இத்தகைய ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தபோது, அந்தக் கூட்டங்களின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பேசப்படும் நிறுவனத்தைவிட, அதைக் கொண்டுவந்தவர் யார் என்பது பல நேரங்களில் அதிகமாக எடைபோடப்பட்டது. சென்ற ஆண்டு கல்வித் துறையில் பணத்தை இழந்த பார்ட்னர், இந்த ஆண்டு கல்வித் துறை நிறுவனம் ஒன்றைக் கொண்டுவரத் தயங்குவார். புதிதாகப் பார்ட்னரானவர், இன்னும் ஒரு வெற்றியும் தன் பெயரில் இல்லாததால், ஏதாவது ஒன்றை முடித்துக் காட்டத் துடிப்பார். ஒருவருடைய முன்மொழிவை இந்த வாரம் எதிர்த்தவர், தன் முன்மொழிவு அடுத்த வாரம் வரும்போது என்ன ஆகும் என்று யோசிப்பார். கேரி எல்லோருக்கும் சமமாகப் பிரிவதில்லை. எனவே எந்த வெற்றி யாருடைய கணக்கில் சேரும் என்ற மௌனப் போட்டியும் உண்டு. 1995-ல் தொடங்கப்பட்ட பெஞ்ச்மார்க் என்ற கலிஃபோர்னிய நிறுவனம், லாபத்தைப் பார்ட்னர்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தால் பெயர் பெற்றது. யார் கண்டுபிடித்தாலும் எல்லோருக்கும் ஒரே பங்கு என்றால், இன்னொருவருடைய நிறுவனத்துக்கு உதவ ஓடுவதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

முடிவெடுக்கும் முறையும் ஒன்றல்ல. 885 முதலீட்டாளர்களிடம் பேராசிரியர்கள் நால்வர் நடத்திய ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதி ஃபண்டுகளில் ஒருமனதான சம்மதம் தேவை என்பதும், ஒரு முதலீட்டுக்குச் சுமார் நூறு நிறுவனங்கள் பார்க்கப்படுகின்றன என்பதும் தெரியவந்தன. எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதி, பெரும் தவறுகளைத் தடுப்பதுபோலவே விசித்திரமான நல்ல யோசனைகளையும் தடுத்துவிடும். பெஸ்ஸமர் என்ற பழைய முதலீட்டு நிறுவனம், தான் தவறவிட்டவற்றைத் தானே பட்டியலிட்டு வெளியிட்டிருக்கிறது. கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸை ஏழு முறை மறுத்ததாக அதில் ஒப்புக்கொள்கிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. மறுத்தவர்களில் பெரும்பாலோர் அதை மறந்துவிடுவார்கள்.

ஆகவே அடுத்த முறை அசோசியேட்டிடம், “இதை எந்தப் பார்ட்னர் எடுத்துப் பேசப்போகிறார், அவரை எப்போது சந்திக்கலாம்?” என்று இரண்டாவது சந்திப்பிலேயே கேளுங்கள். பெயர் வரவில்லை என்றால் கணக்குப் புத்தகங்களை அனுப்ப வேண்டாம்.

கேள்வி: 2016-ல் தொடங்கிய ஒரு ஃபண்டு எங்களிடம் ₹30 கோடி போட்டு 20 சதவீதம் வாங்கியது. முதலில் “அவசரப்படாதீர்கள், பெரிதாக யோசியுங்கள்” என்றார்கள். இப்போது ₹90 கோடிக்கு வந்திருக்கும் ஒரு விலையை ஏற்று நிறுவனத்தை விற்கும்படி நெருக்குகிறார்கள். ஏன் இந்த மாற்றம்? (மதுரை வாசகர்)

அவர்கள் மாறவில்லை, அவர்களுடைய ஃபண்டுக்கு வயதாகிவிட்டது. இத்தகைய ஃபண்டுகள் மூடிய காலவரையறை கொண்டவை. முதல் நான்கைந்து ஆண்டுகள் முதலீடு செய்வார்கள், மீதி ஆண்டுகளில் அறுவடை செய்வார்கள். செபி விதிகளின்படி, காலம் முடிந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். அதற்கும் முதலீட்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்களின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்டுப் போகும் நிர்வாகி, அதே ஆட்களிடம் அடுத்த ஃபண்டுக்கும் பணம் கேட்க வேண்டியவராக இருப்பார். காகிதத்தில் காட்டும் மதிப்பு அப்போது உதவாது, கையில் திருப்பிக் கொடுத்த பணம்தான் பேசும்.

உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் கட்டாயமாகப் பிற்பாடு சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளாக, வழக்கில் சொன்னால் சி.சி.பி.எஸ்.-ஆக, இருக்கும். விற்பனையின்போது போட்ட ₹30 கோடியை முதலில் எடுத்துக்கொள்வது அல்லது 20 சதவீதப் பங்கை வாங்கிக்கொள்வது, இரண்டில் எது அதிகமோ அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுவாக அவர்களுக்கு இருக்கும். ₹90 கோடியில் 20 சதவீதம் ₹18 கோடிதான். எனவே ₹30 கோடியை எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ₹60 கோடி மிஞ்சும். நிறுவனத்தின் மதிப்பு ₹150 கோடியைத் தாண்டும் வரை, விலை ஒரு கோடி ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்கு வேறுபாடு இல்லை. அந்த வேறுபாடு முழுவதும் உங்கள் பக்கம்தான். அவர்கள் விலை பேசாமல் விற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே விலை ஃபண்டின் இரண்டாம் ஆண்டில் வந்திருந்தால், நீங்கள் விற்க விரும்பியிருந்தாலும் அவர்கள் தடுத்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த ஃபண்டின் மற்ற நிறுவனங்கள் எப்படி இருக்கின்றன? மொத்தத்தில் அது லாபத்தில் இருந்தால், உங்களிடமிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயிலும் அவர்களுக்குக் கேரி உண்டு. எனவே ₹150 கோடியைத் தாண்டும் விலைக்கு அவர்களும் உழைப்பார்கள். மீள முடியாத நஷ்டத்தில் இருந்தால் கேரி என்ற பேச்சே இல்லை. உங்கள் கோப்பை முடித்துவிட்டு அடுத்த ஃபண்டில் கவனம் செலுத்தவே விரும்புவார்கள். அப்படியானால், அவர்களுடைய பங்கை மட்டும் வேறொரு முதலீட்டாளருக்கு விற்க வழி தேடலாம். விற்பனையை நீங்கள் அடியோடு மறுப்பதைவிட இதற்கு அவர்கள் எளிதில் இணங்குவார்கள். எதற்கும் முன், எல்லாப் பங்குதாரர்களையும் சேர்த்து விற்க வைக்கும் ‘டிராக்’ உரிமை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பொறுமையாக இருக்கும் ஃபண்டுகளே கிடையாதா? (வணிகவியல் மாணவர், தஞ்சாவூர்)

முதலில் பொறுமைதான் இருந்தது. 1946-ல் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் டோரியோ முதலியோர் தொடங்கிய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் நிறுவனம், பொதுமக்களுக்குப் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தைப் புதிய நிறுவனங்களில் போட்டது. அதற்கு முடிவு தேதி கிடையாது. 1957-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் போட்ட 70,000 டாலர், பதினைந்து ஆண்டுகளுக்குள் 35 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த லாபத்தில் பங்குபெற அங்கே உழைத்தவர்களுக்கு வழியில்லை. அரசு விதிகள் தடுத்தன. நிறுவனங்களை வளர்த்துவிட்டவர்கள் மாதச் சம்பளக்காரர்களாகவே இருந்தார்கள். டோரியோவுக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் எல்ஃபர்ஸ், 1965-ல் வெளியேறி கிரேலாக் என்ற கூட்டாண்மை நிறுவனத்தைத் தொடங்கினார்.

கூட்டாண்மையில் நிர்வாகிக்கு லாபப் பங்கு உண்டு. அதற்கு விலையாக, பணம் கொடுத்தவர்கள் ஒரு முடிவு தேதியைக் கேட்டார்கள். தேதி இல்லாவிட்டால் கணக்கைத் தீர்ப்பது எப்படி? இன்று நாம் பார்க்கும் அவசரம் அந்தப் பேரத்திலிருந்து பிறந்தது. அவசரம் இளைய நிறுவனங்களிடம் இன்னும் அதிகம்: பால் கோம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய முதலீட்டு நிறுவனங்கள் பெயர் எடுப்பதற்காகத் தம் நிறுவனங்களைப் பழையவர்களைவிட முன்னதாகவே பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தன. காய் பழுக்கும் முன் சந்தைக்கு வந்தால் விலை குறையும். அந்த இழப்பில் தொடங்கியவருக்கும் பங்குண்டு. மறுபுறம், செக்கோயா என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2021-ல் தன் அமெரிக்க, ஐரோப்பிய முதலீடுகளுக்கு முடிவு தேதியே இல்லாத ஃபண்டு ஒன்றை அமைத்தது. ஐம்பது ஆண்டுப் புகழ் இருந்தால் இப்படிக் கேட்கலாம். மற்றவர்கள் கேட்டால் பணம் வராது.

கேள்வி: மென்பொருள் நிறுவனங்களில் சோஹோ வெளியாரின் முதலீடே வாங்கவில்லை, ஃப்ரெஷ்வொர்க்ஸ் வாங்கியது. எது சரியான வழி? (வேலூர் வாசகி)

இரண்டும் சரி. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், தான் வாங்கிய பணத்தோடு வந்த கடிகாரத்துக்கு ஏற்ப ஓடி, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஸ்ரீதர் வேம்புவின் சோஹோவுக்கு அந்தக் கடிகாரம் இல்லாததால், தென்காசி அருகே கிராமத்தில் அலுவலகம் அமைத்து, பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலைகளில் இறங்க முடிந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு சோஹோவைப் போல நடக்க நினைப்பவர்கள்தான் இரண்டு பக்கமும் அடிபடுகிறார்கள்.

கேள்வி: ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் எங்களுக்குத் தொடக்கத்தில் ₹2 கோடி கொடுத்தது. பெயரைக் கேட்டு எல்லோரும் வாழ்த்தினார்கள். அடுத்த சுற்றில் அவர்கள் சேரவில்லை என்றதும் மற்றவர்களும் பின்வாங்குகிறார்கள். (ஓசூர் வாசகர்)

பெரிய ஃபண்டுக்கு ₹2 கோடி என்பது முதலீடு அல்ல, அனுமதிச் சீட்டு. பல நிறுவனங்களில் சிறு தொகை போட்டு உள்ளே நுழைந்து, அவற்றில் சிறந்தவற்றுக்கு மட்டும் பெருந்தொகை தருவதற்காகவே ஃபண்டில் கணிசமான பகுதியை ஒதுக்கிவைத்திருப்பார்கள். உள்ளிருந்து எல்லாக் கணக்கையும் பார்த்தவரே வேண்டாம் என்றால், வெளியில் இருப்பவர் சந்தேகப்படுவது இயல்பு. சிறிய ஃபண்டு கொடுத்திருந்தால், அவர்களிடம் மேற்கொண்டு பணம் இல்லை என்று எல்லோரும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

அந்த நிறுவனத்தின் பார்ட்னர் ஒருவர் காரணத்தை எழுத்தில் தர இணங்குவாரா என்று கேளுங்கள். உங்களை ஆதரித்த பார்ட்னர் வேலையை விட்டுப் போனது, ஒதுக்கீடு தீர்ந்தது, அந்தத் துறையையே கைவிட்டது போன்ற காரணமாக இருந்தால், அதைப் புதிய முதலீட்டாளரிடம் அவரே தொலைபேசியில் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது.

கேள்வி: கையெழுத்திடும் முன் முதலீட்டாளரிடம் என்னவெல்லாம் கேட்கலாம்? கேட்டால் தவறாக நினைப்பார்களா? (சேலம் வாசகர்)

தவறாக நினைப்பவரிடம் பணம் வாங்க வேண்டாம். எந்த ஃபண்டிலிருந்து பணம் வருகிறது, அது தொடங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று, அடுத்த சுற்றுக்கு எங்களுக்கென எவ்வளவு ஒதுக்குவீர்கள், இயக்குநர் குழுவில் உட்காரப் போகிறவர் இன்னும் எத்தனை குழுக்களில் இருக்கிறார், அவர் வேலையை விட்டால் யார் வருவார் என்று கேளுங்கள். அவர்கள் பணம் போட்டுத் தோற்றுப்போன நிறுவனம் ஒன்றை நடத்தியவரின் தொலைபேசி எண்ணையும் கேளுங்கள். வெற்றி பெற்றவர்களின் எண்களைக் கேட்காமலே தருவார்கள்.

ஃபண்டின் பெயர் செபியின் இணையதளத்தில் உள்ள மாற்று முதலீட்டு நிதிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவு தேதியை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரே பதிவின் கீழ் அடுத்தடுத்துப் பல திட்டங்களைத் தொடங்கலாம் என்பதால், உங்களுக்குப் பணம் தரும் திட்டம் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது என்பதைத் தனியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.